தீம் பார்க் தொழிற்பயிற்சிக்கு எப்படித் தயாராவது: தென்காசி மாணவிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிவிடுகிறேன். தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம். பாளையங்கோட்டையில் ஓட்டல் மேலாண்மைப் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. அடுத்த ஆண்டு ஆறு மாதத் தொழிற்பயிற்சி கட்டாயம். ஃபுளோரிடாவில் ஒரு தீம் பார்க், இல்லாவிட்டால் அபுதாபியில் ஒன்று, எது கிடைக்கிறதோ அதற்கு அனுப்பிவைப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இரண்டரை லட்சம் கேட்கிறார். ஆங்கிலம் புரியும், பேச வராது. என்ன எடுத்துப் போக வேண்டும், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டு, கடைசி வரியில் "அப்பா நகையை அடகு வைக்கலாம் என்கிறார், என்னால் சமாளிக்க முடியுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கும் வருவேன். ஆனால் அது கடைசியில்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். வளைகுடாவில் ஒரு பெரிய தீம் பார்க்கில் சவாரிகளை இயக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். பிறகு அங்கேயே புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். இப்போது திருநெல்வேலியில் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்ததில்லை. அங்கே போகும் மாணவர்களின் காகிதங்களை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுப்பதில் கிடைத்த பழக்கம் உண்டு. ஆகவே பூங்கா வேலையைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகிறவை. நான் சொல்லும் எண்களைப் பணம் கட்டும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், நகை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். காகிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம். "அமெரிக்கா அல்லது அபுதாபி, எது கிடைக்கிறதோ" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இன்னும் எந்த வேலையும் இல்லை என்றுதான் அர்த்தம். இந்த இரண்டு நாடுகளுக்கும் விசா வேறு, சட்டம் வேறு, நீங்கள் செய்யப்போகும் வேலையும் வேறு. எந்தப் பூங்கா, எந்தப் பிரிவு, மேற்பார்வையாளர் யார், சம்பளமா உதவித்தொகையா, எவ்வளவு, எத்தனை மணி நேரம், தங்குமிடம் யார் பொறுப்பு: இத்தனையும் பூங்கா நிறுவனத்தின் பெயரில், கையெழுத்தோடு, எழுத்தில் வர வேண்டும். ஏஜென்ட்டின் கடிதத்தாளில் வருவது பணி அழைப்புக் கடிதம் ஆகாது.

அமெரிக்கா என்றால், பட்டப்படிப்பு படிக்கும் மாணவர் தொழிற்பயிற்சிக்குப் போக வழக்கமான வழி ஜே 1 விசாவின் இன்டர்ன் பிரிவு. இதில் ஏஜென்ட்டுக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார்: அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு. டிஎஸ் 2019 என்ற படிவத்தை அவர்களால் மட்டுமே கொடுக்க முடியும். அது இல்லாமல் விசா நேர்காணலே இல்லை. அதோடு டிஎஸ் 7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம் ஒன்று உண்டு. அதைத்தான் நான் என் மாணவர்களிடம் முதலில் கேட்டு வாங்கிப் படிப்பேன். எந்த வாரங்களில் எந்தப் பிரிவில் இருப்பீர்கள், என்ன கற்பீர்கள், யார் கற்றுத் தருவார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்; நீங்களும் பூங்காவும் ஸ்பான்சரும் கையெழுத்திட வேண்டும். விருந்தோம்பல், சுற்றுலாத் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ பயிற்சி என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை கொடுக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம் இருக்க வேண்டும். திறமை தேவைப்படாத வெறும் கூலி வேலைக்கு இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது. ஆறு மாதமும் ஒரே கடையில் பாப்கார்ன் விற்பது என்று உங்கள் படிவம் சொன்னால், அது உங்கள் படிப்புக்கும் உதவாது, விதிக்கும் ஒத்துவராது. தைரியமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் யாராவது டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் நாட்டின் சார்பில் வேலை பார்ப்பதைக் காட்டி, "இதைக் கேள்" என்று சொல்லக்கூடும். அங்கே அரங்கம் உள்ள நாடுகள் 11. இந்தியாவுக்கு அரங்கம் இல்லை. அந்த வழியை நம்பி மாதங்களை வீணாக்காதீர்கள்.

அபுதாபி என்றால் கணக்கு வேறு. நம் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவே கிடையாது என்பதால் பலருக்கும் பாதி விவரம் தெரியும். அந்தப் பாதி விவரம்தான் ஆபத்து. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் (2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணை) ஆள் எடுப்பதற்கான செலவை வேலைக்கு வருபவரிடம் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வசூலிக்கக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. நம் பக்கத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400. இரண்டரை லட்சம் என்பது இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. "இது வேலை இல்லை, பயிற்சி, அதனால் அந்த விதி பொருந்தாது" என்று அவர் வாதாடலாம். அப்படியானால் எதற்கு எவ்வளவு என்று இனம் பிரித்து ரசீது கேளுங்கள். டிக்கெட், விசா, காப்பீடு, அவருடைய கூலி என்று பிரித்து எழுதத் தயங்குகிறவரிடம் பேசுவதற்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லை. அவர் "முதலில் சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். மாட்டிக்கொண்டால் தண்டனை உங்களுக்கு, அவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் கேட்கலாம். அரசு அலுவலகம்தானே, யார் பதில் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுதிக் கேளுங்கள்.

இப்போது நகைக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் 2025 செப்டம்பர் 30 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர்; 2026 செப்டம்பர் 30 முதல் 15. வாரம் 32 மணி நேரத்துக்கு, 14 டாலர் வீதம், 448 டாலர். இதிலிருந்து தங்குமிட வாடகை, சாப்பாடு, பஸ், வரி எல்லாம் போக வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு 185 டாலரும், மாணவர் பதிவு முறைக்கு 220 டாலரும் கிளம்பும் முன்பே போய்விடும். அமீரகத்தில் வருமான வரி இல்லை. ஆனால் நம்மவர்களுக்கு என்று சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை, கடிதத்தில் எழுதியிருப்பதுதான் கிடைக்கும். பயிற்சி மாணவருக்குத் தருவது பெரும்பாலும் கைச்செலவுக்கு மட்டும் போதுமான தொகை. ஆறு மாதத்தில் சாப்பிட்டு, தங்கி, இரண்டரை லட்சத்தையும் வட்டியையும் திருப்பிக் கட்டலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் அந்தக் கணக்கு தப்பு. என் கருத்து இது: வீட்டில் இருக்கும் சேமிப்புக்குள் முடிந்தால் போகலாம். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் இந்த ஆறு மாதத்தை இந்தியாவிலேயே ஒரு நல்ல ஓட்டலில் முடித்துவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு முழுச் சம்பள வேலைக்கே வெளிநாடு போங்கள். கடனோடு போகிற பிள்ளை அங்கே எதையும் எதிர்த்துக் கேட்காது. அதிக நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்கும், காய்ச்சலோடும் வரும். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெயர் விஷயம் ஒன்று தமிழ்ப் பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் அலைக்கழிக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ்" என்ற ஒற்றை எழுத்தோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா அடித்தால், உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் தெரியாது என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பிறகு வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை என எல்லா இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அமீரகமும் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசா கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் விண்ணப்பிக்கும்போதே அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், பணி அழைப்புக் கடிதம் வந்த பிறகு மாற்றினால் எல்லாப் படிவத்தையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து, விரல் வைத்துப் பாருங்கள்.

காகிதம் போதும், வேலைக்கு வருவோம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் காணும் பூங்கா வேறு, அங்கே நின்று வேலை பார்ப்பவர்கள் காணும் பூங்கா வேறு. புதிதாக வரும் பிள்ளைகள் இதுவரை வீடியோக்களில் பார்த்த பூங்காவுக்குத் தயாராகி வருகிறார்கள். நாங்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் பாதுகாப்பு. டிஸ்னியில் வரிசைப்படுத்திச் சொல்லும் விதிகளிலும் பாதுகாப்புக்கு முதல் இடம். மரியாதையும் காட்சி அழகும் வேகமும் அதற்குப் பிறகுதான். இதை நம் ஊர்க்காரருக்கு விளக்க எனக்குக் குற்றாலம் போதும். மெயின் அருவியில் வெள்ளம் கூடிவிட்டது, குளிக்கத் தடை. கயிறு கட்டியிருக்கிறது, போலீஸ்காரர் நிற்கிறார். மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் அவரிடம் வாதாடுகிறது: "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், குழந்தைக்குத் தலையை மட்டும் நனைத்துவிட்டுப் போகிறோம்." அவர் முடியாது என்கிறார். அடுத்த குடும்பம் வருகிறது, அதே பேச்சு, அதே பதில். தீம் பார்க்கில் சவாரி வாசலில் நிற்கும் உங்கள் வேலை அவருடைய வேலைதான். ஒரே வித்தியாசம், விசில் கிடையாது, குரல் உயரக் கூடாது, நாற்பதாவது குடும்பத்துக்கும் முதல் குடும்பத்துக்குச் சொன்ன அதே முகத்தோடு சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம். டிஸ்னியின் அனிமல் கிங்டத்தில் உள்ள எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரயிலில் ஏற உயரம் 44 அங்குலம், அதாவது 112 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வாசலில் அளவுகோல் இருக்கும். எல்லாப் பூங்காவிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வந்த சிறுவன் அளவுகோலின் கீழ் நிற்கிறான். தலைக்கும் கோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறது. அவன் குதிகாலை மெல்லத் தூக்குகிறான். அப்பா "பரவாயில்லை, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார். இங்கே இரக்கம் காட்டத் தோன்றும். காட்டக் கூடாது. இருக்கையின் பிடிப்பான் அந்த உயரத்துக்குக் கீழே உள்ள உடலைப் பிடித்து நிறுத்தும்படி செய்யப்படவில்லை. அப்பாவின் கை அந்த வேகத்தில் ஒன்றுக்கும் ஆகாது. நீங்கள் செய்யக்கூடியது, முழங்காலை மடக்கி அவன் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, அவனிடமே காரணத்தைச் சொல்லி, அவனால் ஏற முடிகிற வேறொரு சவாரியைக் காட்டுவது. அப்போதும் ஒரு விரலால் சுட்டக் கூடாது. கை முழுவதையும் விரித்துக் காட்ட வேண்டும். நேர்காணலில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மாதிரிச் சூழ்நிலைகள்தான். தொலைந்த குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, என்ன செய்வீர்கள்? குழந்தையை இழுத்துக்கொண்டு பெற்றோரைத் தேடி ஓடுவேன் என்று பலர் சொல்கிறார்கள். அங்கேயே குழந்தையோடு நின்று, மேற்பார்வையாளருக்குத் தகவல் சொல்வேன் என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில்.

இதற்குத் தயாராக நான் சொல்லும் வழி மலிவானது. சாரல் காலத்தில், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, குற்றாலத்தில் விடுதி வரவேற்பிலோ உணவகத்திலோ வார இறுதிகளில் வேலை கேளுங்கள். கூலி எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். கூட்டத்தின் நடுவே எட்டு மணி நேரம் நின்று, கோபமாக வருகிறவரிடம் அமைதியாகப் பேசிப் பழகுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தன்னார்வலராக வரிசை ஒழுங்கு செய்வதும் நல்ல பயிற்சி. நேர்காணலில் "உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டால் சொல்வதற்கு உண்மையான ஒன்றும் கிடைக்கும். உடம்புக்குத் தனியாக ஒரு மாதம் கொடுங்கள்: மூடிய கறுப்பு ஷூ வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே தினமும் காலையில் நடங்கள். செருப்பில் வளர்ந்த கால் சிமென்ட் தரையில் ஷூவோடு நாள் முழுதும் நிற்கும்போது முதல் வாரமே கொப்பளித்துவிடும். வேலையை விட்டுப் போக நினைத்த பிள்ளைகளில் பாதிப் பேர் காலைத்தான் காட்டினார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்குத் தேவையில்லை. இலக்கணப் புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் பிரிவில் ஒரு நாளில் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் நாற்பது, ஐம்பதுக்குள் அடங்கும். அவற்றை உரக்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, திரும்பக் கேளுங்கள். நம் பேச்சில் வேகம் அதிகம். அதைப் பாதியாகக் குறைத்தாலே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். "ஆம்", "இல்லை" என்பதை வாயால் சொல்லிப் பழகுங்கள். நாம் சம்மதத்துக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது வெளியூர்க்காரருக்கு மறுப்பாகவோ குழப்பமாகவோ தெரியும். சவாரியின் கதவு பூட்டிவிட்டதா என்ற கேள்விக்கு அப்படித் தலையாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கா என்றால் அங்குலம், அடி, ஃபாரன்ஹீட் மூன்றும் மனத்தில் ஓட வேண்டும். காசில் ஐந்து சென்ட்டைவிடப் பத்து சென்ட் சிறியது. கல்லாவில் முதல் வாரம் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள். தேதியை மாதம் முதலில் எழுதுவார்கள்.

உணவுப் பிரிவில் போட்டால் ஒன்றைத் தலைகீழாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வாமை. பால், முட்டை, மீன், இறால் வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள் என ஒன்பதை அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாகக் கணக்கிடுகிறது. நம் வீட்டில் நல்லெண்ணெய் ஊற்றாத இட்லிப்பொடி கிடையாது, எள் ஒருவருக்கு மூச்சை நிறுத்தும் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. விருந்தினர் "இதில் எள் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்காது என்று நினைக்கிறேன்" என்ற பதில் உங்கள் வாயில் வரக் கூடாது. பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும், எவ்வளவு நீளமான வரிசை நின்றாலும்.

விசா நேர்காணலைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கா என்றால் சென்னைத் துணைத் தூதரகம். ஏஜென்ட் கொடுக்கும் மனப்பாடப் பதில்களை வாங்காதீர்கள். எந்தப் பிரிவில் பயிற்சி, அது உங்கள் பாடத்தோடு எப்படிச் சேர்கிறது, திரும்பி வந்து எந்தப் பருவத்தில் படிப்பைத் தொடர்வீர்கள், இந்த மூன்றையும் உங்கள் சொந்த வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். கல்லூரியிலிருந்து, இந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதி என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் ஐந்து ஆண்டுக் கணக்குப் பெயர்களையும் எழுத வேண்டும். மறைக்காமல் எழுதுங்கள். ஜே 1 முடித்தவர்கள் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் திறன் பட்டியல் காரணமாக இந்தியர்களுக்கு இருந்த அந்தக் கட்டாயம் 2024 டிசம்பரில் நீங்கியது. அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு இன்னும் உண்டு. அதே சமயம், பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்று ஏஜென்ட் சொன்னால் அதை நம்ப வேண்டாம். பயிற்சி முடிந்து 30 நாள் அவகாசம், அதற்குள் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அதை வாசியுங்கள். ஜே 1 இன்டர்ன்கள் பெரும்பாலும் சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் கட்ட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால் சம்பளத்தில் 7.65 சதவீதம். சம்பளப் பிரிவில் யாராவது கவனிக்காமல் பிடித்திருந்தால் அன்றே கேளுங்கள், திரும்பக் கிடைக்கும். வருமான வரி தனி. அடுத்த ஏப்ரலுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், ஊருக்குத் திரும்பியிருந்தாலும்.

இனி பெட்டி. சீருடை பூங்காவே கொடுக்கும், அதனால் உடைக்குச் செலவழிக்காதீர்கள். டிஎஸ் 2019, பணி அழைப்புக் கடிதம், காப்பீட்டுத் தாள் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியின் முன் வெறுங்கையோடு நிற்பீர்கள். ஜே 1 காப்பீடு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை கொடுக்க வேண்டும் என்பது விதி, தாளில் அந்த எண்ணைப் பாருங்கள். மாத்திரைகளை அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள். அமீரகத்துக்குப் போகிறவர்கள் இருமல் மருந்து, வலி மாத்திரை விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோடீன், டிராமடால் கலந்தவை அங்கே கட்டுப்பாட்டுப் பொருள்கள், முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அம்மா குருமாவுக்காக மசாலா அரைத்துத் தருவார்கள். அதில் கசகசா இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். ஒரு கைப்பிடிக்காகச் சிறைக்குப் போக வேண்டாம். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது. மற்ற பொடிகளைக் கொண்டுபோகலாம், ஆனால் சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சமாளிக்க முடியுமா என்ற கேள்விக்கு. உங்களைப் பார்க்காமல் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பிள்ளைகள் நன்றாக வந்தார்கள் என்று சொல்ல முடியும். ஆங்கிலம் சரளமாகப் பேசியவர்களைவிட, தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்லி, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டவர்கள் நன்றாக வந்தார்கள். வீட்டில் தண்ணீர் எடுத்து, தம்பியைப் பார்த்து, ஆட்டுக்குத் தழை வெட்டி வளர்ந்த பெண்கள் எட்டு மணி நேர ஷிப்டைப் பற்றிப் புலம்பியதே இல்லை. கஷ்டம் வேலையில் வராது, வேலை முடிந்த பிறகு வரும். இரவு பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பும்போது அறையில் இருக்கும் மற்றவர்கள் வேறு மொழி பேசுவார்கள், சாதம் வடிக்கத் தெம்பிருக்காது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அது எல்லோருக்கும் தோன்றுவது. ஒரு வாரம் பொறுங்கள், பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் யாராவது கை வைத்தாலோ, பாஸ்போர்ட்டைக் கேட்டாலோ, சொன்ன வேலை இல்லாமல் வேறு வேலை கொடுத்தாலோ பொறுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்பான்சருக்கு அன்றே எழுதுங்கள், அவசரத்துக்கு 911. ஃபுளோரிடாவுக்கு அட்லாண்டாவில் உள்ள நம் துணைத் தூதரகம் பொறுப்பு. அமீரகத்தில் போலீஸ் 999, அபுதாபியில் நம் தூதரகம் இருக்கிறது. இந்த எண்களை அப்பாவின் கைப்பேசியிலும் பதிந்துவிட்டுப் போங்கள். அபுதாபிக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். ஃபுளோரிடா கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். எந்த நேரம் பேசுவது என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால் அம்மா தினமும் விழித்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

தங்கச்சி, இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். ஏஜென்ட்டிடம் பூங்காவின் பெயர், வேலைப் பிரிவு, விசா வகை, இனவாரியான செலவு நான்கையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் துறைத் தலைவரைப் பார்த்து, இந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் அனுப்பும் காகிதத்தில் உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.